ஜாஸ் பேஸில் முதல் ஐந்து ஃபிரெட் கரகரப்பு

நண்பரே, உங்கள் ஜாஸ் பேஸ் கிட்டாரில் இழுவிசை அதிகமான ஃபிளாட்வவுண்டை (தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பிகளை) கழற்றி மெல்லிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியவை) போட்டதும் முதல் ஐந்து ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில், கரகரக்கிறது என்றீர்கள். கம்பிகளை உடல்பகுதியில் தாங்கும் பிரிட்ஜை இப்போதைக்குத் தொடாதீர்கள். இழுவிசை குறைந்ததால் ட்ரஸ் ராடு (கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) கழுத்தைப் பின்னுக்கு வளைத்திருக்கும்.

சுருதி சேர்த்துவிட்டு, ஈ (E) கம்பியை, அதாவது மிகத் தடித்த கம்பியை, முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி பாருங்கள். சுமார் 0.3 மி.மீ. வேண்டும். கம்பி ஃபிரெட்டில் ஒட்டிக் கிடந்தால் ட்ரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ராடைத் திருகும் சாவி சரியாகப் பொருந்தட்டும். தளர்வாக இருந்தால் சாவி நுழையும் ராடின் வாய் மழுங்கிவிடும், அப்புறம் பெரிய செலவு. மரம் மெதுவாகத்தான் அசையும். மறுநாள் சுருதி சேர்த்து அளந்த பிறகே அடுத்த கால் சுற்று.

அப்புறமும் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கரகரத்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டை) உயர்த்துங்கள்: 17ஆவது ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ. உயரம்.