‘வாஷ்’ என்றால் துவைப்பதில்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள் கவின்கலைக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், ஏன் என்று கேட்டால் வாஷ், கிளேஸ், இம்பாஸ்டோ என்று வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்லி வாயை அடைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். விஷயம் தெரிந்து பேசுகிறாளா, யூடியூப் பார்த்து ஒப்பிக்கிறாளா என்பதுதானே உங்கள் சந்தேகம்? அந்தச் சொற்களை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அவை எல்லாமே கையால் செய்கிற வேலைகளின் பெயர்கள்.

வாஷ் என்பது நிறையத் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தாளில் சீராகப் பரப்புவது. தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒவ்வோர் இழுப்பின் கீழ்விளிம்பிலும் திரளும் ஈரத்தை அடுத்த இழுப்பில் சேர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். நடுவில் போனை எடுத்தால் திட்டு விழுந்துவிடும். ஒரு வானம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு, அதில் வெள்ளை மேகம் வேண்டும் என்று கேளுங்கள். “முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இடத்தை விட்டு வைத்திருப்பேனே!” என்று எரிந்து விழுந்தால் சந்தோஷப்படுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான்; அது தெரிந்தவளுக்கு மட்டுமே வருகிற கோபம் அது.

எண்ணெய் வண்ணத்துக்கு வந்தால் உங்கள் மகளின் வேதியியலே எதிரில் நிற்கும். அந்த வண்ணத்தைக் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது; எண்ணெய் கூடக் கூட இறுக நாளாகும். அதனால்தான் அடியில் டர்பன்டைன் என்ற கரைப்பான் கலந்த மெலிந்த பூச்சு, மேலே எண்ணெய் கூடிய பூச்சு என்று ஒரு விதி. மாற்றிப் போட்டால் மேல்பூச்சு முந்தி இறுகிவிடும், அடிப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்கும், படத்தில் வெடிப்பு விழும். கிளேஸ் என்பது காய்ந்த பூச்சின்மேல் ஒளி ஊடுருவும்படி போடும் மெல்லிய பூச்சு. இம்பாஸ்டோ அதற்கு நேர் எதிர்: வண்ணத்தைத் தடிப்பாக அப்புவது. டச்சு ஓவியர் வான்கோவின் படங்களில் தூரிகை போன தடமே மேடு பள்ளமாகத் தெரியும்.

சுவரோவியத்திலும் இதே கதைதான். ஃப்ரெஸ்கோவில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து இறுகும்போது வண்ணத்தையும் பிடித்துக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931இல் வெளியே தெரிந்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கின் பகுதிகளைச் சிதைக்காமல் பிரித்தெடுத்தார்கள். ஓவியமும் ரசாயனமும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கான வேலை அது. மகளுக்கு அந்தப் பக்கம் மனம் போனால் முதுகலையில் ஓவியப் பாதுகாப்பு படிக்க வேண்டும். சேர்க்கை நிபந்தனைகளை இப்போதே பார்த்து வையுங்கள்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். படம் வரைந்து விற்று மட்டுமே பிழைப்பது கடினம். ஆரம்ப வருடங்கள் எல்லோருக்குமே இழுபறிதான். ஆனால் அனிமேஷன், கேம் நிறுவனங்களில் கணினியில் அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றுகிறார்களே, அது கிளேஸிங்கின் பேரப்பிள்ளை. கையில் பழகியவர்கள் அங்கே சீக்கிரம் பிடித்துக்கொள்வதை என்னிடம் வந்த பிள்ளைகளிடமே பார்த்திருக்கிறேன். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே வண்ணக்கலையோடு துணி வடிவமைப்பு, சுடுமண் போன்ற பிரிவுகளும் உண்டு. மகள் அவற்றையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது ‘டோன்’ விஷயத்தில், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள படிகளில். போட்டோவைப் பார்த்துக் கட்டம் போட்டு நடிகர் முகம் வரைந்த பழக்கம் இங்கே கை கொடுக்காது. உங்கள் சமையலறைச் சொம்பையும் கசங்கிய துண்டையும் ஜன்னலோரம் வையுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்துக் கரியில் வரையட்டும், தினமும் ஒரு தாள். முப்பது தாள் சேர்ந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மோசமாக வந்த தாள்களையும் கிழிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்; நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.