நிலவின் கவண் வீச்சில் விண்நோக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: கவண் வீச்சு என்றால் நிலவின் ஈர்ப்பால் விண்கலத்தின் வேகத்தையும் திசையையும் மாற்றுவது. ஆனால் கலம் நிலவை நெருங்கும்போது ஏறும் வேகம் விலகும்போது இறங்கிவிடுமே, ஆதாயம் எங்கே?

பதில்: நிலவில் நின்று பார்த்தால் ஆதாயமே இல்லை. வந்த வேகத்திலேயே கலம் விலகும். திசை மட்டும் திரும்பும். ஆனால் நிலவே வினாடிக்குச் சுமார் 1 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றி ஓடுகிறது. திரும்பிய திசையோடு அதைக் கூட்டினால், பூமியைப் பொறுத்த வேகம் மாறியிருக்கும். நிலவுக்குப் பின்னால் கடந்தால் கூடும், முன்னால் கடந்தால் குறையும். பின்னால் என்பது அது ஓடும் திசைக்குப் பின்னால். நமக்குத் தெரியாத மறுபக்கம் அல்ல.

கேள்வி: கூடுகிற ஆற்றல் சும்மா வருமா?

பதில்: வராது. நிலவு இழக்கிறது, அளக்க முடியாத அளவு.

கேள்வி: வேக மாற்றத்தைக் கையால் கணக்கிடலாமா?

பதில்: தாராளமாக. நிலவின் மையத்திலிருந்து மிகக் குறைந்த தூரத்தை (கி.மீ.), தொலைவில் இருக்கும்போது நிலவைப் பொறுத்துள்ள வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 4,903-ஆல் (நிலவின் ஈர்ப்பு வலிமையைக் குறிக்கும் எண்) வகுங்கள். 1 கூட்டித் தலைகீழாக்கி, அந்த வேகத்தின் இரு மடங்கால் பெருக்குங்கள். வேகம் வினாடிக்கு 1 கி.மீ., உயரம் 8,000 கி.மீ. என்றால் மாற்றம் வினாடிக்கு 0.67 கி.மீ.; உயரம் 100 என்றால் 1.45. உயரத்தை அப்படியே போடாதீர்கள், நிலவின் ஆரம் 1,737-ஐக் கூட்டுங்கள்.

கேள்வி: 8,000 கி.மீ. உயரத்துக்கு எனக்கு 0.76 வருகிறதே?

பதில்: 1,737 விடுபட்டிருக்கிறது.

கேள்வி: எல்2-க்குப் (சூரியனுக்கு எதிர்ப்புறம், பூமிக்கு அப்பால் உள்ள ஈர்ப்புச் சமநிலைப் புள்ளி) போன வெப் விண்வெளித் தொலைநோக்கி ஏன் நிலவை நாடவில்லை?

பதில்: நிலவை எட்டும் வேகத்துக்கும் எல்2-ஐ எட்டும் வேகத்துக்கும் வித்தியாசம் வினாடிக்குச் சில பத்து மீட்டர்தான். அதற்காக ஏவும் நாள்களைச் சுருக்குவது வீண். தவிர, கருவிகளில் வெயில் படக்கூடாது என்பதால் வெப் திரும்பி நின்று வேகத்தைக் குறைக்க முடியாது. எனவே ராக்கெட் சற்றுக் குறைவாகவே தள்ளியது. மீதியைக் கலம் தானே சேர்த்தது, முதல் தவணை ஏவிய பன்னிரண்டரை மணி நேரத்தில்.

கேள்வி: பிரபஞ்சத்தின் தொடக்க கால ஒளியை ஆராய்ந்த டபிள்யூமேப் விண்கலம், நிலவைக் கடக்குமுன் ஏன் பூமியை மூன்று முறை சுற்றியது?

பதில்: நிலவு நாளுக்குச் சுமார் 13 பாகை நகரும். ஏவுதல் ஒரு நாள் தள்ளினால் சந்திப்பே தவறும். சுற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து அதை ஈடுகட்டலாம். ராக்கெட் விட்ட வேகப் பிழையையும் பூமியை நெருங்கும்போதெல்லாம் திருத்தலாம். 2001 ஜூன் 30-இல் ஏவி, ஜூலை 30-இல் நிலவைக் கடந்து, அக்டோபர் தொடக்கத்தில் எல்2 சேர்ந்தது. கடக்கும் தூரத்தில் சிறு பிழையும் பிறகு பல மடங்காகும். அதனால் கடப்பதற்கு முன்னும் பின்னும் திருத்தத்துக்கு எரிபொருள் ஒதுக்குங்கள்.

கேள்வி: எந்த ராக்கெட் எஞ்சின் சிறந்தது?

பதில்: உந்துவிசைக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வேற்றுக் கோள்களைத் தேடும் டெஸ் தொலைநோக்கி எல்2-க்கே போகவில்லையே, அதற்கு எதற்கு நிலவு?

பதில்: 2018 மே 17-இல் நிலவு அதன் பாதையைச் சாய்த்து, பூமியை நெருங்கும் தூரத்தையும் உயர்த்தியது. இப்போது 13.7 நாளுக்கு ஒரு சுற்று, நிலவின் காலத்தில் பாதி. பாதையின் உச்சியை (பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளி) எட்டும்போதெல்லாம் நிலவு ஏறத்தாழ 90 பாகை தள்ளி நிற்கிறது; அதன் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பாதை பல ஆண்டுகள் குலையாது.

கேள்வி: 100 கி.மீ. உயரத்துக்கு எனக்கு 1.96 வருகிறது.

பதில்: மறுபடியும் 1,737.