அடிபட்டு ரெண்டு வருஷமாச்சு, மூக்கடைப்பு போகல: எந்த ஆபரேஷன்?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, வயசு 34. ரெண்டு வருஷம் முன்னாடி பைக்ல இருந்து விழுந்து மூக்குல நல்ல அடி, ரத்தம் கொட்டியிருக்கு, அவசரப் பிரிவுல எக்ஸ்ரே எடுத்துட்டு "பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. இப்ப இடது பக்கம் மூச்சே போறதில்ல, வாயத் தொறந்துட்டுத்தான் தூங்குறாரு, ஒரு வருஷமா தினமும் சொட்டு மருந்து. ஒரு டாக்டர் தண்டு வளைஞ்சிருக்கு, செப்டோபிளாஸ்டி, அதாவது தண்டை நிமித்துற ஆபரேஷன், போதும்னு சொல்றார். இன்னொருத்தர் சதையையும் குறைக்கணும்ங்குறார். விளம்பரம் பாத்து ஒரு நம்பருக்கு போன் பண்ணா, "லேசர்ல முடிச்சிடலாம் சார், ஒரே நாள், இந்த வாரம் புக் பண்ணா ஆஃபர் இருக்கு"ங்குறாங்களாம். எதைப் பண்றது, மூக்கோட ஷேப் மாறுமா, திரும்ப வருமான்னு கேக்குறாரு.

தம்பி, அந்த லேசரை மொதல்ல மறந்துடுங்க. அடிபட்டு வளைஞ்ச தண்டை, அதாவது ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல நிக்குற சுவரை, லேசர் நிமித்தாது. அந்தச் சுவர்ல முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. கையால தோலைப் பிரிச்சு, வளைஞ்சதை நிமித்தி, கொஞ்சம் வெட்டி, திரும்பப் பொருத்தி வைக்கிற வேலை அது. போன்ல பேசுறவங்க டாக்டர் இல்ல. ஒரு ஆளைச் சேர்த்துவிட்டா இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறவங்க. உங்க மூக்கை யாருமே பாக்கல, அதுக்குள்ள ஆபரேஷன் பேரும் ரேட்டும் எப்படி வருது? இதைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா கோபம் இருக்கு, ஏன்னா அப்படிப் போய் பண்ணிட்டு "சார் அடைப்பு அப்படியே இருக்கு"ன்னு வர்றவங்களத்தான் நான் மறுபடி திறக்க வேண்டியிருக்கு, ஒரு தடவை கை வெச்ச தண்டுல ரெண்டாவது தடவை வேலை பாக்குறது ரொம்பக் கஷ்டம், குருத்தெலும்பும் மிச்சம் இருக்காது.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷன் பேரு அப்புறம், அடைப்பு எங்க இருக்குன்னு தெரியணும் முதல்ல. அடிபட்ட மூக்குல அது நடுத் தண்டுல இருக்கலாம், பக்கத்துச் சுவர்ல இருக்குற சதையில இருக்கலாம், இல்ல மூக்கோட வெளிச்சுவரே பலமில்லாம மூச்சு இழுக்கும்போது உள்ள ஒட்டிக்கலாம். பல பேருக்கு இதுல ரெண்டு சேந்தே இருக்கும். ரெண்டு டாக்டர் ரெண்டு மாதிரி சொன்னா ஒருத்தர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்ல, ரெண்டுமே சரியா இருக்கலாம். தண்டு இடது பக்கம் சாய்ஞ்சா வலது பக்கம் இடம் காலியாகும், அந்தக் காலி இடத்துல வலது பக்கத்து சதை பெருசா வளரும். இப்ப தண்டை மட்டும் நடுவுக்குக் கொண்டு வந்தா, நல்லா இருந்த வலது பக்கம் அடைச்சிக்கும். அதனாலதான் சதையையும் குறைக்கணும்னு சொல்றது.

ஆனா "குறைக்க"த்தான் சொல்லணும், "எடுத்துட" இல்ல. நம்ம ஊர்ல "மூக்குல சதை வளர்ந்திருக்கு"ன்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்லிடுறோம். பாலிப்னு ஒண்ணு வேற, அது புதுசா முளைக்கிறது, எடுக்கலாம். இது டர்பினேட், பொறக்கும்போதே எல்லாருக்கும் இருக்கிறது, உள்ள போற காத்தை சூடாக்கி ஈரமாக்கி அனுப்புற வேலை இதோடது. முழுசா வெட்டிட்டா மூக்கு குகை மாதிரி அகலமா இருக்கும், ஆனாலும் மூச்சு பத்தலன்னே தோணும், உள்ள காய்ஞ்சு பொருக்கு கட்டும். அதைத் திரும்ப ஒட்ட வைக்க வழி இல்ல. உள்ளுக்குள்ள சுருக்குற முறையா, எவ்வளவு குறைப்பீங்கன்னு தைரியமா கேளுங்க.

அடுத்தது உங்க சொட்டு மருந்து. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்னு அட்டையில போட்டிருக்கும், அஞ்சு நாள், மிஞ்சிப் போனா ஒரு வாரம், அவ்வளவுதான் அதுக்கு ஆயுசு. நீங்க ஒரு வருஷமா போடுறீங்க. மருந்து எறங்குனதும் சதை முன்ன விட அதிகமா வீங்கும், திரும்ப போடுவீங்க, திரும்ப வீங்கும். இந்த நிலைமையில மூக்கைப் பாத்து எந்த டாக்டராலயும் இது அடியால வந்த அடைப்பா மருந்தால வந்த அடைப்பான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால டாக்டர் எழுதிக் குடுக்குற ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஆரம்பிச்சு, சொட்டு மருந்தை ஒரு பக்கமா முதல்ல நிறுத்துங்க, அப்புறம் அடுத்த பக்கம். முதல் ரெண்டு வாரம் கஷ்டமாத்தான் இருக்கும், உப்புத் தண்ணியில கழுவுங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு எண்டோஸ்கோபி, அதாவது சின்னக் கேமரா விட்டு உள்ள பாக்குறது, பண்ணட்டும், தேவைப்பட்டா சிடி. நடுவுல மாத்திரை மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு "வேற நல்ல டிராப்ஸ்"னு வாங்கிடாதீங்க.

வெளிச்சுவரை நீங்களே ஓரளவு பாத்துக்கலாம். கண்ணாடி முன்னாடி நின்னு வேகமா மூச்சை இழுங்க, மூக்கோட பக்கச் சுவர் உள்ள போய் ஒட்டுதா? அப்புறம் மூக்குக்குப் பக்கத்துல கன்னத்துல விரலை வெச்சு காதுப் பக்கமா லேசா இழுங்க. இடது பக்கம் சட்டுனு தொறந்தா, வால்வ்னு சொல்ற, மூக்குக்குள்ள காத்து போற குறுகலான பகுதியில பிரச்சனை இருக்க வாய்ப்பு உண்டு. இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, ஆனா டாக்டர்கிட்ட சொல்லணும். ஏன்னா வால்வ் மடங்குறவருக்கு தண்டை மட்டும் நிமித்துனா பாதிப் பலன்கூட கிடைக்காது.

வெளிய பாக்க மூக்கு நேரா இருந்து, தண்டு மட்டும் வளைஞ்சிருந்தா செப்டோபிளாஸ்டி, சதைக் குறைப்போட. ஓட்டைக்குள்ள இருந்தே பண்றது, வெளித் தழும்பு கிடையாது, ஷேப் மாறாது, மாறவும் கூடாது. வெளி மூக்கும் கோணிப் போயிருந்தா, இல்ல வால்வ் மடங்குனா, செப்டோரைனோபிளாஸ்டி. அதுல ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற தூண்ல சின்னக் கீறல் போட்டு, எலும்பை உடைச்சு நேராக்கி, குருத்தெலும்புல மெல்லிசா பட்டை எடுத்து முட்டுக் கொடுப்பாங்க. தண்டுல இருந்தே எடுப்பாங்க, பத்தலன்னா காதுல இருந்து, இல்ல விலாவுல இருந்து. இதுல ஷேப் மாறும், வீக்கம் முழுசா வத்த ஒரு வருஷம்கூட ஆகும். திரும்ப வருமான்னு கேட்டீங்க. குருத்தெலும்புக்கு பழைய வளைவுக்கே திரும்புற குணம் உண்டு, சில பேருக்கு கொஞ்சம் வரும்.

இப்ப பணம். இதைக் கவனமா படிங்க. நிறைய இன்சூரன்ஸ் பாலிசியில தண்டு வளைவு ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும்னு போட்டிருக்கும், ஆனா விபத்தால வந்ததுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. அழகுக்காகப் பண்ற பிளாஸ்டிக் சர்ஜரிக்கு காசு கிடையாதுன்னு இருக்கும், விபத்துல கெட்டதைச் சரி பண்றதுக்கு அந்தத் தடையும் இல்ல. அப்புறம் ஏன் கிளெய்ம் தள்ளுபடி ஆகுது? அன்னைக்கு அவசரப் பிரிவுல எழுதுன சீட்டுல "மூக்குல ரத்தம்"னு மட்டும் எழுதியிருப்பாங்க, விழுந்ததை எழுதியிருக்க மாட்டாங்க. அதனால அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் பழைய ஏஆர் (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், விபத்து விவரத்தை ஆஸ்பத்திரி எழுதி வைக்கிற பதிவேடு) காப்பி வாங்குங்க, நீங்களே போய் வாங்குங்க. வாசல்ல நின்னு "நான் வாங்கித் தர்றேன், விபத்து கேஸும் போட்டுத் தர்றேன், கிடைக்கிறதுல பங்கு"ன்னு வர்ற ஆளுகிட்ட ஒரிஜினல் பேப்பரைக் குடுத்துட்டு அழுதவங்களப் பாத்திருக்கேன்.

அந்த எக்ஸ்ரே விஷயமும் எனக்கு ஆத்திரம்தான். எக்ஸ்ரேல குருத்தெலும்பு தெரியவே தெரியாது. ஒடிஞ்ச மூக்கு எலும்பை பெரியவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள, வீக்கம் வத்துனதும், வெட்டாமலே தள்ளி நிமித்திடலாம். ஆனா சீட்டுல ரிவ்யூ மூணு வாரம் கழிச்சுன்னு எழுதுவாங்க. மூணு வாரத்துல எலும்பு கோணலாவே சேந்திடும். பத்து நிமிஷ வேலை பெரிய ஆபரேஷன் ஆகுறது இப்படித்தான்.

அந்தப் பத்து நாள்கூட காத்திருக்கக் கூடாத ஒண்ணு இருக்கு, உங்களுக்கு இனிமே பொருந்தாது, ஆனா வீட்ல குழந்தை இருந்தா தெரிஞ்சுக்கங்க. அடிபட்ட அன்னைக்கோ மறுநாளோ ரெண்டு பக்கமும் சுத்தமா அடைச்சு, உள்ள பாத்தா நடுவுல செவப்பா ஊதாவா மெத்துனு உப்பியிருந்தா அது தண்டுக்கும் தோலுக்கும் நடுவுல தேங்குன ரத்தம். குருத்தெலும்புக்குத் தனியா ரத்தக் குழாய் கிடையாது, ஒட்டியிருக்குற தோல்ல இருந்துதான் சத்து வருது. தோல் விலகிட்டா சில நாள்லயே குருத்தெலும்பு செத்துப் போகும், சீழ் வைக்கும், மூக்கு நடுவுல அமுங்கி குதிரைச் சேணம் மாதிரி ஆயிடும். "சளி அடைப்பு, தானா சரியாயிடும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, அன்னைக்கே கீறி ரத்தத்தை எடுக்கணும். காய்ச்சலும் சேந்துட்டா ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் கிளம்புங்க. எனக்கு வந்த ஒரு பையனை நாலு நாள் சிரப் குடுத்து வீட்ல வெச்சிருந்தாங்க, இன்னைக்கும் அந்த மூக்கை நினைச்சா மனசு கேக்காது.

ஆபரேஷன் முடிவானா, பெரும்பாலும் மயக்கம் குடுத்துப் பண்ணுவாங்க, அன்னைக்கே இல்ல மறுநாள் வீட்டுக்கு வந்திடலாம். பேக், அதாவது ரத்தம் நிக்க மூக்குக்குள்ள அடைக்கிறது, வெச்சிருந்தா ஒண்ணு ரெண்டு நாள், தண்டு நகராம தாங்குற ஸ்பிளிண்ட் ஒரு வாரம். எடுத்ததும் மூச்சு பறக்கும்னு எதிர்பாக்காதீங்க, உள்வீக்கத்தால ரெண்டு மூணு வாரம் முன்ன விட மோசமாவே தெரியும், அப்ப பயந்து போய் பழைய சொட்டு மருந்தைத் தொடாதீங்க. ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. எலும்பை உடைச்சு நேராக்கியிருந்தா ஆறு வாரம் மூக்குக் கண்ணாடியும், முகம் மூடுற ஹெல்மெட்டை இழுத்துப் போடுறதும் கூடாது, அதனால அந்த ஆறு வாரத்துக்கு பைக்கை வீட்ல நிறுத்திட்டு பஸ்ல வேலைக்குப் போங்க.