புட்டியை மறுக்கும் நான்கு நாள் குதிரைக்குட்டி

தாய்க்குதிரை காய்ச்சலில் படுத்துப் பால் வற்றிவிட்டது, நான்கு நாள் குட்டி புட்டியைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது.

குட்டி நின்றபடிதான் குடிக்க வேண்டும். புட்டியைத் தாயின் மடி உயரத்தில் பிடியுங்கள். தலையை அண்ணாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் வழிந்தால் உடனே நிறுத்துங்கள். ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். 40 கிலோ குட்டிக்கு நாளைக்கு 8 லிட்டராவது வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை, இரவிலும்.

புட்டி சரிவராவிட்டால் அகலமான கிண்ணம். பாலில் நனைத்த விரலைச் சப்ப விட்டு, மெல்லக் கிண்ணத்துக்குள் இறக்குங்கள். எங்கள் குட்டி அப்படித்தான் பழகியது.

அப்புறம், முதல் நாள் சீம்பால் குடித்ததா? இல்லையென்றால் இன்றே கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சப்பவே வலுவில்லை என்றால் நீங்கள் புகட்ட வேண்டாம், அவரே குழாய் வழியாகக் கொடுக்கட்டும்.