ஒத்துப்பார்க்கும் காது

வணக்கம் சார்,

வேலை முடிந்த மாலைகளில் பாதி எனக்கு ஏதாவது ஒரு அரங்கில்தான் கழிகிறது. கர்நாடகக் கச்சேரி, கஜல், ஜாஸ், சிம்பொனி, மெட்டல் ராக் என்று எதையும் விடுவதில்லை. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைக்கிறேன். சமீபத்திய பக்கங்களிலிருந்து சில: வாய்ப்பாட்டுக் கச்சேரி, நான் கேட்டு வளர்ந்த பதிவில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் பாதியைக் காணோம் (5). ஜாஸ் ட்ரியோ, பிரபலமான மெட்டு ஒன்றை அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள் (4). சிம்பொனி, இரண்டாம் பகுதி என்னிடமுள்ள பதிவைவிட மெதுவாக நகர்ந்தது, பக்கத்து இருக்கைக்காரர் தப்பான இடத்தில் கைதட்டினார் (6). மெட்டல், எல்லாப் பாட்டும் ஒரே இரைச்சல், பாதியில் வந்துவிட்டேன் (2). எங்கே போனாலும் செல்போன் வெளிச்சம் வேறு.

நண்பர்கள் என்னை நுனிப்புல் மேய்கிறவன் என்கிறார்கள். ஒரே இசைவகையில் நின்று ஆழமாகக் கேட்பதுதான் சரியா? அப்படியென்றால் எதில்?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

எந்த இசை உயர்ந்தது என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதையும் விட்டிருப்பேன். ஆனால் கொஞ்ச நாளாக ஜாஸ் பியானோக்காரர் பில் இவான்ஸின் ட்ரியோ வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் வாசித்த பதிவுகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஒரு சின்ன நிலவறை விடுதி. மதியமும் இரவுமாக மூன்று பேர் வாசிக்கிறார்கள். பதிவு முழுக்கக் கோப்பைகள் மோதுகின்றன, யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம், அந்தப் பேச்சுக்காரர்கள் மேல் எரிச்சல்படுகிறோம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், தாங்கள் இருப்பது ஒரு மகத்தான பதிவுக்குள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேர் வாசித்தார்கள், பிடித்தபோது கவனித்தார்கள், நடுவில் பேசினார்கள். ஒப்பிட அவர்களிடம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் அவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

உங்களிடம் ஒப்பிட எல்லாம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நாலு குறையில் மூன்று ஒரே குறைதான், கவனித்தீர்களா? சங்கதி பதிவில் உள்ளபடி இல்லை. மெட்டு பதிவில் உள்ளபடி இல்லை. வேகம் பதிவில் உள்ளபடி இல்லை. மூலப்பத்திரத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, மேடையில் இருப்பவர் கொண்டுவந்த நகலை வரிவரியாகச் சரிபார்க்கும் பத்திர எழுத்தர் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மனுஷர் உங்கள் எதிரே, அந்த நிமிஷத்தில், மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவருக்கு 5 போடுகிறீர்கள்.

செல்போன் வெளிச்சம் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எரிச்சல்தான், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கைதட்டிய பக்கத்து இருக்கைக்காரரையும் விட்டுவிடுங்கள். 1778-இல் பாரிஸில் தன் சிம்பொனியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதை மோட்ஸார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சந்தோஷமாகத்தான் சொல்கிறார். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினாராம். மோட்ஸார்ட்டுக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு எதற்கு?

அந்த மூலப்பத்திரம் விஷயத்துக்கு வருகிறேன். அது எப்படி உருவானது என்று யோசித்திருக்கிறீர்களா? 1902-இல் கல்கத்தாவில் ஹிந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் ஒலிப்பதிவுக் குழாயின் முன்னால் பாடினார். சபையில் மணிக்கணக்கில் விரியக்கூடிய ராகம், தட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. அவர் அதற்குள் சுருக்கிப் பாடி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். அதற்குப் பின் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குத் தட்டில் வந்த இசையில் பெரும்பகுதி அந்தச் சில நிமிஷத்துக்குள்தான் உடம்பைக் குறுக்கிக்கொண்டது. 1948-இல் நீண்ட ஓட்டத் தட்டு வந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அதாவது, நாம் ‘சரியான வடிவம்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதில் பாதி, மெழுகிலும் அரக்கிலும் எவ்வளவு இடம் இருந்தது என்பதன் கணக்கு. அந்தப் பாடகரே மறுநாள் சபையில் வேறு மாதிரிதான் பாடியிருப்பார்.

அப்புறம் நாடா வந்தது, வெட்டி ஒட்டும் வசதி வந்தது. உங்களிடமுள்ள சிம்பொனிப் பதிவு ஸ்டூடியோவில் செய்ததென்றால், ஒரே மூச்சில் வாசித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. பல தடவை வாசித்ததில் நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுவேலையோடு, ஒரே தடவையில் முடித்தாக வேண்டிய எண்பது பேரைப் போட்டியிட வைக்கிறீர்கள். வேகம் குறைந்தது என்று வேறு புகார். பீத்தோவன் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு வேகத்தைக் குறிக்கும் மெட்ரோனோம் எண்களே கொடுத்துவிட்டுப் போனார். அந்த எண்களை அப்படியே நம்பலாமா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. உங்கள் தட்டு அந்தச் சண்டையில் ஒரு கட்சி, அவ்வளவுதான்.

‘நேரடிப் பதிவு’ என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பலாமா? டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு 1956 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் வாசித்தது. பால் கோன்ஸால்வெஸ் சாக்ஸஃபோனில் ஒரே பாட்டின் நடுவில் 27 சுற்று நிறுத்தாமல் போனார். கூட்டம் எழுந்து ஆடியது. ஆனால் அவர் வாசித்தது தப்பான மைக்கில், வானொலிக்காரர்களுடைய மைக்கில். அதனால் தட்டு நிறுவனத்தின் நாடாவில் அந்த சாக்ஸஃபோன் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்த விழாவின் பெயரில் வந்த தட்டில் கணிசமான பகுதியை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டித்தான் வெளியிட்டார்கள். வானொலி நாடா கிடைத்த பின், 1999-இல்தான் அந்த இரவு உண்மையில் எப்படி ஒலித்தது என்பது வெளியே வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் ஒட்டுப்போட்ட கைதட்டலைக் கேட்டுச் சிலிர்த்திருக்கிறார்கள். அந்தச் சிலிர்ப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு இன்னொரு மேடைக்குப் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அண்ணன் வானொலியிலிருந்து பதிவு செய்த தோடி ராகம். ஆலாபனை மேல் ஸ்தாயியில் காந்தாரத்துக்கு ஏறி நிற்கும்போது சபையில் ஒருவர் இருமுவார். கனமான இருமல், இரண்டு தரம். பாடகர் ஒரு கணம் தாமதித்து, அதே ஸ்வரத்தை இன்னும் மெல்லப் பிடிப்பார். நாடா தேயும்வரை அதைக் கேட்டோம். அண்ணன் பாத்திரம் துலக்கும்போதுகூட அந்தத் தோடியை முணுமுணுப்பார், இடம் வந்ததும் இருமுவார். பிற்பாடு இரண்டு பேரும் வேறொரு பாடகரின் கச்சேரிக்குப் போயிருந்தோம். அவரும் தோடி எடுத்தார். காந்தாரத்துக்கு ஏறி நின்றார். யாரும் இருமவில்லை. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம், அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். முன்வரிசை அம்மாள் திரும்பி முறைத்தார். என் காதில் இன்றும் தோடிக்கு அந்த இருமல் ஒரு சங்கதிதான். அண்ணன் இப்போது இல்லை, இருமலும் கேசட்டும் போய்விட்டன. அதற்காக இருமாத தோடிக்கெல்லாம் நான் மதிப்பெண் குறைக்க முடியுமா?

உங்கள் சங்கதிக் கணக்கும் இதேதான், வி. வேறு பாடாந்தரத்தில், அதாவது வேறு குரு வழியில், வந்தவருக்கு வேறு சங்கதிகள் இருக்கும். அல்லது அன்றைக்குத் தொண்டை நிலைமை பார்த்து இரண்டை விட்டிருப்பார், ஒரு வரியையே எடுத்துக் கற்பனையாக விரிக்கும் நிரவலில் அதற்கு ஈடு செய்திருப்பார். நிரவலைப் பற்றி உங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பாட்டில் அன்றைக்கென்று பிறந்தது அதுதான், அதை எப்படித் தவறவிட்டீர்கள்? எனக்குக் கோபம் வந்த இடம் இது. இல்லாத சங்கதிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் இருந்ததைக் கேட்கவே இல்லை.

ஜாஸ் ட்ரியோவிலும் அதுதான் நடந்தது. முதல் சுற்றில் மெட்டை ஏறக்குறைய நேராக வாசிப்பார்கள். அதன்பின் மெட்டு மறைந்துவிடும், ஆனால் அதன் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சுற்றின் நீளமும் அப்படியே இருக்கும், பெரும்பாலும் 32 பார், அதாவது 32 தாளக் கட்டம். பேஸ்காரர் அந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவர்கள் எங்கெங்கோ போகும்போது நீங்கள் உள்ளுக்குள் பழைய மெட்டையே பாடிக்கொண்டு இருங்கள். எல்லாம் அதன்மேல் உட்காருவது தெரியும். பல்லவியின் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டு கல்பனாஸ்வரம் கேட்பவருக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை.

எல்லாக் கலைஞர்களும் இந்த ஒத்துப்பார்க்கும் காதுக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். 1966 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மின்கிடாரோடு பாடினார். தட்டில் கேட்ட பழைய தனிக் கிடார்ப் பாடகனைத் தேடி வந்த ஒருவர் “யூதாஸ்!” என்று கத்தினார். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964-இல், 31 வயதில், மேடையையே விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார். அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர் நேர்மையானவர். பதிவுதான் முக்கியம் என்றால் எதற்கு மேடை என்று கேட்டார். உங்களிடமும் அதையே கேட்கலாம். இன்றைய பெரிய மேடைகளில் பலர் இந்தப் பயத்தில்தான் காதுக்குள் தாள எண்ணிக்கை ஓட, முன்பே பதிந்த தடங்களோடு பாடுகிறார்கள். 1997-இல் வந்த ஆட்டோட்யூன் இன்று மேடையிலேயே குரலைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அவர்களைத் திட்டுவதற்கு முன், தட்டில் இருந்தபடி இல்லையே என்று முணுமுணுத்த நம்மையும் திட்ட வேண்டும்.

ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட் கதை இன்னும் வேடிக்கை. 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோனில், சின்னதாக, பெடல் சரியாக வேலை செய்யாத ஒரு பியானோவில், முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் அன்றிரவு தோன்றியதை வாசித்தார். மேல்பகுதியின் ஒலி நன்றாக இல்லை என்பதால் நடுப்பகுதியிலேயே அதிகம் சுழன்றார். அது தட்டாக வந்து லட்சக்கணக்கான காதுகளுக்குப் போனது. ஜனங்கள் நொடேஷன், அதாவது எழுதிய இசைக்குறிப்பு, கேட்டார்கள். நெடுநாள் மறுத்துக் கடைசியில் சம்மதித்தார், பதிவையே கடைசி ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்போடு. ஆக, மட்டமான ஒரு பியானோவை அந்த ஒரு இரவுக்குச் சமாளித்த விதம், நல்ல பியானோக்களில் பிள்ளைகள் பயிற்சி செய்யும் பாடமாகிவிட்டது!

மெட்டல் விஷயத்தில் உங்களைச் சும்மா விடமாட்டேன். பாதியில் எழுந்து வந்தவருக்கு மதிப்பெண் போடும் உரிமை கிடையாது. காதடைப்பான் போட்டுக்கொண்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபெலில் கால்மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதற்குமேல் காது களைத்து எல்லாவற்றையும் ஒரே சத்தமாகத்தான் தரும். இசைக்காரர்களுக்கு ஏற்ற அடைப்பான் போட்டுக்கொண்டு, ஒலிப்பலகை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒலிக்காரர் தான் நிற்கும் இடத்துக்குத்தான் சத்தத்தைச் சமன் செய்கிறார். இரட்டை பேஸ் டிரம்மைக் காலால் தொடருங்கள். மிருதங்கத்தைத் தொடரத் தெரிந்தவருக்கு ஒரே பாட்டிலேயே பிடிபட்டுவிடும்.

உங்கள் கேள்வி பாக்கி இருக்கிறது. ஒன்றில் நிலைப்பதா? வேண்டாம். நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே இசையை முப்பது வருஷம் கேட்டு, முப்பது வருஷமும் அதே தட்டோடு ஒத்துப்பார்த்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். களைத்த உடம்போடு, தனியாக, பஸ் பிடித்து, தெரியாத ஒரு இசைக்காகக் கடைசி வரிசையில் போய் உட்காருகிற ஒருவரை நுனிப்புல் மேய்கிறவன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. முடிந்த பின் பேச ஆளில்லாததால்தான் அந்த நோட்டு என்று ஊகிக்கிறேன். அது எனக்குப் புரிகிறது. எண்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் ஒரே குழுவை ஊர் ஊராகத் தொடர்ந்தார்கள், நேற்றுப்போல் இன்று இருக்காது என்பதற்காகவே. 1984 முதல் குழுவே அவர்களுக்கு அரங்கில் பதிவு செய்யத் தனி இடம் ஒதுக்கியது. அதுபோல நீங்களும் பிடித்த ஒருவரை அடுத்தடுத்த இரண்டு மேடைகளில் கேளுங்கள், வகை எதுவானாலும் சரி. இரண்டாம் மேடையில் மாறியது என்ன என்று மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்த மெட்டல் குழு மறுபடி வந்தால் அதிலிருந்தே தொடங்கலாம், அவர்களுக்கு நீங்கள் பாதிக் கச்சேரி பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

அன்புடன்.