குளவிக் கொட்டு, சீரியல், ஃப்ரீ ஃபயர்: மூன்றையும் ஒரே ஆள் எழுதுவது எப்படி?

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் இருந்துகொண்டு உள்ளூர்ச் செய்தி, தொலைக்காட்சி, வீடியோ கேம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்களே, எப்படி முடிகிறது? ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்னும் நன்றாக எழுதலாமே?

முதலில் காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பத்திரிகையில் செய்திக்கு மேலே 'ஹட்டன் நிருபர்', 'மஸ்கெலியா நிருபர்' என்று வருகிறதே, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அதனால் ஒருவர் டியூஷன் எடுப்பார், இன்னொருவர் ஸ்டூடியோ வைத்திருப்பார். 2022இல் காகிதத் தட்டுப்பாடு வந்து பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தபோது, பிராந்தியச் செய்திக்கான இடமும் சுருங்கிப்போனது. நான் ஒரு இணையத் தளத்துக்குத் தொலைக்காட்சித் தொடர் விமர்சனம் எழுதத் தொடங்கியது அப்போதுதான். கேம் பற்றி எழுத ஆள் இல்லை என்றார்கள், சரி, அதையும் கொடுங்கள் என்றேன். ஆசைப்பட்டுப் பல துறை பழகியவள் இல்லை நான்.

உள்ளூர்ச் செய்தியில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது, வைத்தியசாலையில் அனுமதி. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போன மாதம் எழுதியதை இந்த மாதமும் அனுப்பலாம். பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். கூடு ஏன் அங்கே இருந்தது என்று கேட்கத் தொடங்கினால்தான் அது செய்தி. மலையைத் துப்புரவு செய்யாமல் காடாக விட்டுவிட்டார்கள் என்று பறிக்கிற பெண்கள் சொல்வார்கள். வேலைக்கு ஆள் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். 2015இல் கிளைபொசேட் களைக்கொல்லியைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள், அந்தப் பேச்சும் நடுவில் வரும். கொட்டு வாங்கியவருக்கு அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பது அடுத்த கேள்வி. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனதையும், 2024இல் 1350 ஆனதையும் தலைப்புச் செய்தியாகப் போட்டோம். பாதி நாளில் வைத்தியசாலைக்குப் போனவரின் கணக்கில் அது எவ்வளவாக விழுந்தது என்று யாரும் போடவில்லை.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் வாங்க 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். தோட்டக் கம்பனியிடம் நேரடியாகச் செல்லாது, அரச அலுவலகங்களிடம் செல்லும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வருஷக் கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2018இல் அந்தப் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிதாகப் பிரித்த சபைகளுக்குத் தேர்தல் நடந்ததும் அதே வருஷம்தான். ஆகவே இந்தத் தோட்டப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று இப்போது எழுதிக் கேட்கலாம். கூடவே சிங்களமும் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் எழுதி வைத்திருப்பதைத் தானே வாசிக்க முடியாத நிருபர், யாரோ வாய்வழியாகச் சொன்னதைத்தான் எழுதுவார்.

தொலைக்காட்சி எழுதுவது சுலபம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? ஓரளவு உண்மைதான். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நாட்டிலேயே உயரமான பீதுருதலாகலை மலையில், 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அப்படியும் மலை மறைக்கிற பள்ளத்து லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆண்டெனாவுக்குப் படம் சரியாக விழாது. தகரக் கூரைகளுக்கு மேல் டிஷ் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிஷ்ஷோடு சென்னையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கொழும்பில் தயாராகும் தமிழ் நிகழ்ச்சிகளில் நாங்கள் பெரும்பாலும் கூடையோடு தூரத்தில் நிற்கிற ஒரு காட்சி மட்டும். மாமியார் மருமகள் தொடரை ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள் என்று எரிச்சல்படுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

2023இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் சிறுவர் பாட்டுப் போட்டி மேடையில் எங்கள் மலையகத்துப் புசல்லாவைப் பக்கத்து அசானி பாடினாள். பட்டம் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவுக்குப் போனது. இங்கே தேநீர்க்கடைப் பேச்சு முழுக்க அசானிதான். மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனதும் அதே வருஷம். நடைபயணக் கட்டுரையை வாசித்தவர்கள் கொஞ்சம், அசானி கட்டுரையை வாசித்தவர்கள் ஏராளம். அதனால் அசானி கட்டுரைக்குள்ளேயே நடைபயணத்தையும், 1823இல் இருந்து கணக்கு ஏன் தொடங்குகிறது என்பதையும் எழுதிவிட்டேன். யாரும் வெட்டவில்லை.

இனி கேம். மூன்றிலும் அதிக நேரம் தின்பது இதுதான், விளையாடிப் பார்க்காமல் எழுதினால் பத்தாம் வகுப்புப் பையன் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் இரண்டும் போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேம்கள். எங்கள் பக்கத்தில் பப்ஜியை விட ஃப்ரீ ஃபயர் ஏன் பரவியது என்பதற்குக் காரணம் எளிது. ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த போனிலும் ஓடும். 50 பேர், பத்து நிமிஷம் அளவில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். பப்ஜியில் 100 பேர், அரை மணி நேரம் போகும், போனும் கொஞ்சம் நல்லதாக இருக்க வேண்டும். ஒரே போனை வீட்டில் மூன்று பேர் கைமாற்றிக்கொள்ளும்போது பத்து நிமிஷ ஆட்டம்தான் சரிப்படும்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, "இந்தியாவில தடை பண்ணிட்டாங்களாமே, இங்க ஏன் பண்ணல?" பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றுதான் அங்கே தடை வந்தது என்று நினைத்திருக்கிறார்கள். 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் இந்தியா நிறுத்தியது சீனத் தொடர்புள்ள செயலிகள், தரவுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக. பப்ஜி அடுத்த வருஷமே வேறு பெயரில் அங்கே திரும்பி வந்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கே அதை ஆடினார்கள். இதையெல்லாம் சொன்னால் அம்மாக்களுக்கு ஏமாற்றம்தான். ரீலோட் கடையில் டயமண்ட் என்கிற கேம் நாணயம் வாங்கக் கொடுக்கிற காசு ஒரு நாள் கொழுந்துக் காசு என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. அதற்காக 'கேமால் சீரழியும் மலையக இளைஞர்' என்று எழுதித் தரச் சொன்னால் நான் தருவதில்லை. வேலையில்லாத பையனை விட்டுவிட்டு அவன் கையில் இருக்கிற போனைக் குற்றவாளியாக்குகிற எழுத்து அது.

ஒரு கேம் கட்டுரைக்காகப் பையன்களோடு உட்கார்ந்திருந்தபோது ஒருவன் சொன்னான், "அக்கா, இங்க பிங் ஏறிரும். கோயில் மேட்டுக்குப் போனா குறையும்." ஆட்டத்துக்கு டேட்டா அதிகம் போகாது, ஆனால் பிங், அதாவது தகவல் போய்த் திரும்புகிற நேரம், கொஞ்சம் இழுத்தாலும் தோற்றுவிடுவார்கள். அதனால் எந்த வளைவில் எந்த நெட்வேர்க் எடுக்கும், பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பின்னால் ஏன் எடுக்காது, கீழ் லயத்தில் எந்த வாசலில் ஒரு கோடு வரும் என்று ஒவ்வொரு இடமாக அவர்களுக்குத் தெரியும். அவன் சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அந்தக் குறிப்பைத் திரும்ப எடுத்தேன். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100ஐத் தாண்டினால் தயாராகுங்கள், 150ஐத் தாண்டினால் வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு. டிவியிலும் போனிலும் அது வந்துவிடும். கரண்ட் போன இரவில், சிக்னல் இல்லாத கீழ் லயத்துக்கு அதை யார் கொண்டுபோவது? பையன்கள் 'செத்த இடம்' என்று காட்டிய வீடுகளும் மேட்டுக்கு நேர் கீழே இருந்த வீடுகளும் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை யாரும் மறக்கவில்லை, அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் எழுதியதில் அதிகம் பகிரப்படாத, ஆனால் கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து விசாரித்த கட்டுரை அதுதான்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நன்றாக எழுதலாம் என்பது கொழும்புப் பத்திரிகை அலுவலக மேசைக்குப் பொருந்தலாம். இங்கே பொலிஸைப் பற்றியோ தோட்டத் துரையைப் பற்றியோ நேராகக் கேட்டால் வாய் திறக்காதவர்கள், நேற்றைய எபிசோட் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், மற்றதெல்லாம் அதற்கு நடுவில் தானாக வரும். கட்டாயம் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்றால் சீரியல் விமர்சனத்தை விடுவேன். மூன்றில் அதற்கு மட்டும்தான் காசு நேரத்துக்கு வருகிறது என்பதால் இப்போதைக்கு விடவில்லை.