ஆய்வக ரிப்போர்ட்டை வைத்து வைரஸுக்கு மருந்து வாங்க முடியுமா?

கேள்வி: ஜூலையில் இரண்டு ஏக்கரில் ரெட் லேடி பப்பாளி நட்டேன். ஊடுபயிர் பூசணி. மார்கழிக் குளிரில் சில மரங்களில் குருத்து இலை நார் நாராகச் சுருங்கிவிட்டது. ஆனால் பக்கத்து மரத்தில் லேசான தேமல் மட்டும்தான். ஆய்வகத்தில் கொடுத்ததில் 'வளையப்புள்ளி வைரஸ் உண்டு, மேலுறைப் புரத மரபணு ஏற்கெனவே பதிவில் உள்ள வைரஸோடு 94 சதவீதம் ஒத்துப்போகிறது' என்று ரிப்போர்ட் வந்தது. மிச்சம் 6 சதவீத வித்தியாசம்தான் மரத்துக்கு மரம் வேறுபடக் காரணமா? ரிப்போர்ட்டைக் கொடுத்தால் அந்த வைரஸ் ரகத்துக்கு ஏற்ற 'ஆர்.என்.ஏ. மருந்து' வரவழைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? லேசாக நோய் வந்த மரத்தில் விதை எடுக்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: மருந்து வேண்டாம், விதையும் வேண்டாம். 6 சதவீதம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த வைரஸ் என்பது சுமார் 10,300 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. ஏ, யு, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். மரத்தின் செல் அதைப் படித்து ஒரே நீளப் புரதத் துணியாக நெய்துவிடுகிறது. அதைப் பத்துத் துண்டாக வெட்டிக்கொள்வது வைரஸின் வேலை. ஒரு துண்டு இழையை நகலெடுக்கும். ஒரு துண்டு மேலுறை. 'ஹெச்.சி-புரோ' என்ற துண்டுதான் வில்லன்: வைரஸ் இழையைத் தேடி நறுக்கும் மரத்தின் எதிர்ப்பு வேலையை அது முடக்குகிறது. இலை நாராவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் ஆய்வகம் படித்துப் பார்த்தது மேலுறையின் 860 எழுத்துச் சொச்சம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் 6 சதவீதம் என்றால் ஐம்பது எழுத்து. மூன்று எழுத்து சேர்ந்தால்தான் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கண்ணி. மூன்றாவது எழுத்து மாறினாலும் பல நேரம் அதே அமிலம்தான் வரும். ஆகவே ஐம்பது எழுத்து மாறியும் ஒன்றும் ஆகாமல் போகலாம், வேறிடத்தில் ஒன்று மாறி எல்லாமே ஆகலாம். சுரைக்குடும்பத்தைத் தாக்கும் உறவுக்கார வைரஸ் ஒன்றில், ஹெச்.சி-புரோவில் ஒரேயொரு அமிலம் மாறியதும் நோய்க்குறி ஏறக்குறைய மறைந்துவிட்டது. வைரஸ் செடிக்குள் பெருகுவது நிற்கவில்லை. தைவானில் இன்னொன்று கண்டார்கள்: வளையப்புள்ளி வைரஸ் பப்பாளியைத் தாக்குமா, சுரை வகைகளோடு நின்றுவிடுமா என்பதையே வேறொரு புரதத்தின் 27-ஆவது அமிலம் தீர்மானிக்கிறது. இதையெல்லாம் மேலுறையின் சதவீதம் காட்டாது. இந்த விளக்கம் இல்லாமல் ஆங்கிலத்தில் நாலு பக்கத்தை விவசாயி கையில் திணித்து அனுப்புவது என்ன சேவையோ தெரியவில்லை.

ஒரே தோட்டத்தில் மரத்துக்கு மரம் வேறுபட முதல் காரணம், தொற்றியபோது மரத்தின் வயது. நட்ட இரண்டாம் மாதம் தொற்றினால் நாராகும், காய் பிடிக்காது. ஐந்தாம் மாதம் தொற்றினால் தேமலும் காயில் வளையமும். அந்த 'லேசான' மரம் எதிர்ப்புச் சக்தி உள்ளதல்ல, தாமதமாக மாட்டிய மரம். அதன் உடம்பிலும் வைரஸ் நிறைய இருக்கிறது. வைரஸை மரத்துக்கு மரம் பரப்பும் அசுவினிப் பூச்சிக்கு அதுவே ஊற்று. ரெட் லேடி வேறு கலப்பின ரகம், அதன் விதையில் தாய்க்குணம் அப்படியே வராது. 'வைரஸ் தாங்கிய மரத்து நாற்று' என்று அதிக விலை சொல்லும் நாற்றுத் தரகர்களுக்கும் இதே பதில்தான். திசுவளர்ப்பு வாழைக்காவது வைரஸ் சோதனையோடு ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. பப்பாளி நாற்றுக்கு அதுவும் கிடையாது. பசுமைக்குடில் போட்டவரெல்லாம் நர்சரிக்காரர்.

கடைக்காரரின் புட்டிக்கு வருவோம். ஆர்.என்.ஏ. தெளிப்பு என்ற ஆராய்ச்சி உண்மை. வைரஸ் எழுத்தோடு பொருந்தும் இரட்டை இழையைச் செடிக்குக் கொடுத்தால், செடி அதை 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டை அடையாளமாக வைத்து வைரஸைத் தேடும். ஆனால் தொற்றுக்கு முன்போ, தொற்றிய உடனேயோ கொடுத்தால்தான் பலன். நாரான குருத்தை அது விரிக்காது. பப்பாளி வைரஸுக்கென்று பதிவு பெற்ற அப்படியொரு தெளிப்பு இந்தியாவில் விற்பனையில் இல்லை. புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: 'வளர்ச்சி ஊக்கி', 'கடற்பாசிச் சாறு' என்று இருக்கும். வைரஸ் என்ற சொல் லேபிளில் இருக்காது, கடைக்காரர் வாயில்தான் இருக்கும். பில்லில் 'பப்பாளி வைரஸ் நோய்க்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதமாட்டார்.

'அடித்த தோட்டத்தில் தெளிந்ததே' என்பார். இப்போது அடித்தால் உங்கள் தோட்டத்திலும் பங்குனியில் தெளிந்தது போலத் தெரியும். குளிரில் குறி கடுமையாகும். வெயில் ஏறினால் மரத்தின் எதிர்ப்பு வேலை சுறுசுறுப்பாகி இலை சற்று விரியும். அடுத்த குளிரில் பழைய கதைதான்.

உண்மையாகவே தெளியும் ஒரு நிலை உண்டு. அது மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிலந்தி குருத்தைச் சாறு உறிஞ்சினால் இலை இதே போல நாராகும். பத்து மடங்கு லென்ஸில் குருத்திலையின் அடியைப் பாருங்கள். அடிப்புறம் பழுப்பேறி விறைத்திருந்தால் சிலந்தி. வைரஸ் என்றால் இலைக்காம்பிலும் தண்டின் மேற்பகுதியிலும் எண்ணெய் பட்டது போல கரும்பச்சைக் கோடுகள் இருக்கும். சிலந்திக்கு அது இருக்காது. சிலந்திதான் என்றால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், குருத்தின் அடிப்புறம் நனைய, வெயில் ஏறும் முன், பத்து நாள் இடைவெளியில் இருமுறை. மூன்று வாரத்தில் புதுக்குருத்து நேராக வரும். ஊக்கி விற்பவர் செல்போனில் காட்டும் 'முன், பின்' படங்களில் பல இந்த மரங்களாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் ரிப்போர்ட் எடுத்த மரத்தை விட்டுவிட்டு, மற்ற நார் மரங்களை ஒவ்வொன்றாகக் காம்பு பாருங்கள். இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

கோடு உள்ள, இன்னும் காய் பிடிக்காத மரங்களைப் பிடுங்கிப் புதையுங்கள். செத்த செடியிலோ மண்ணிலோ இந்த வைரஸ் பிழைக்காது. காய் திரண்ட மரமென்றால் அறுத்து முடித்துவிட்டு எடுங்கள். பூசணியை இந்த வாரமே அழியுங்கள்: பப்பாளியைத் தாக்கும் வைரஸ் அதிலும் பெருகும், அசுவினியும் அதில்தான் அடைகிறது. அசுவினிக்கு மருந்தடித்து வைரஸைத் தடுக்க முடியாது. சில நொடி குத்திப் பார்த்தாலே வைரஸை ஏற்றிவிடும், சாவது அப்புறம்தான்.

மறுநடவுக்கு ஒரு மாதம் முன் வயலைச் சுற்றி மூன்று வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் அதில் குத்தி, வாயிலுள்ள வைரஸை அங்கேயே துடைத்துவிடும். நாற்று 40 முதல் 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்துக்கு அத்தனை கண்) வலைக்குள் வளர்ந்ததா என்று நர்சரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். வலையில் கிழிசல் இருந்தாலோ, வலையை ஒட்டிப் பூசணிக்கொடி படர்ந்திருந்தாலோ வேறு நர்சரி பாருங்கள்.